18 செல்லில் ஒன்று போன இரவு

இரவு 1.40க்கு கன்ட்ரோல் ரூமிலிருந்து போன். "சார், ஐடி ஃபேன் டிரிப் ஆயிடுச்சு." சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ப்ரீஹீட்டர் கோபுரத்திலிருந்து சூடான வாயுவை இழுக்கும் விசிறி அது. அது நின்றால் சுழலும் சூளையான கில்னுக்குப் போகும் மூலப்பொருள் ஃபீடையும் எரிபொருளையும் உடனே நிறுத்தியாக வேண்டும். உள்ளே கிளிங்கர் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) வேகும் இடத்தில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு. அப்படியே அசையாமல் விட்டால் எஃகு உருளை தன் எடையிலேயே வளைந்துவிடும். அதனால் துணை மோட்டாரை வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் ஆக ஆக உள்ளே அடுக்கியிருக்கும் தீச்செங்கல் ஆறி விரிசல் விடத் தொடங்கும்.

அரியலூர் வட்டாரத்தில் ஒரு ஆலையில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு என் பொறுப்பு. அந்த இரவில் என்ன செய்தோம், எதைத் தவறாகச் செய்தோம், அதற்குப் பிறகு எதை மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். அந்த ஃபேன் மோட்டாரை ஓட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவிதான் டிரைவ்; கோளாறு அதில்தான். இதே வகை டிரைவை வைத்திருப்பவர்கள் எங்களைப் போல ஏழு மணி நேரத்தைப் பறிகொடுக்க வேண்டாம்.

முதலில் டிரைவைப் பற்றி. மோட்டார் 1,800 கிலோவாட், 6.6 கிலோவோல்ட். அந்த மின்னழுத்தத்தை ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச் ஒன்றால் மட்டும் தாங்க முடியாது. அதனால் செல் என்ற சின்னச் சின்ன டிரைவ்களைத் தொடராகக் கோத்து உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். ஒரு ஃபேஸுக்கு 6 செல், மூன்று ஃபேஸுக்கும் 18 செல். ஒவ்வொரு செல்லுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனியாக ஒரு 690 வோல்ட் செகண்டரி சுற்று உண்டு. செல்லுக்குள் ஏசியை டிசியாக்கும் ஒரு ரெக்டிஃபையர், அந்த டிசியைத் தேக்கும் கெப்பாசிட்டர் பேங்க், அதை மறுபடி ஏசியாக்க நான்கு ஐஜிபிடி கொண்ட எச்-பிரிட்ஜ். செல் ஒவ்வொன்றும் 635 வோல்ட் கொடுத்தால், ஆறும் சேர்ந்து 3,810 வோல்ட். அதுதான் 6.6 கிலோவோல்ட்டுக்கான ஃபேஸ் வோல்டேஜ். செகண்டரி சுற்றுகளைப் பத்துப் பத்து டிகிரி தள்ளிச் சுற்றியிருப்பதால் மின்வாரியப் பக்கம் பார்த்தால் இது 36 பல்ஸ் ரெக்டிஃபையர். ஹார்மோனிக் தொல்லை, அதாவது மின் அலைவடிவம் கெடுவது, மிகவும் குறைவு.

இந்த அமைப்பை 1990களில் அமெரிக்காவின் ரோபிகான் நிறுவனத்தில் பீட்டர் ஹம்மண்ட் உருவாக்கினார். 1997இல் காப்புரிமை கிடைத்தது. எங்களுடையது வேறொரு தயாரிப்பு, ஆனால் அமைப்பு அதேதான்.

இதன் பலம் எதுவோ அதுவேதான் பலவீனமும். எங்கள் டிரைவில் மொத்தம் 72 ஐஜிபிடி, 216 எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். உதிரிபாகம் கூடக் கூட, ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். எல்லாமே தொடராக இருப்பதால் ஒன்று கெட்டால் மொத்தமும் நிற்கும். அப்படி நிற்காமல் இருக்க ஒரே வழி, கெட்ட செல்லைக் குறுக்கு வழியில் தாண்டிப் போவது. செல்லின் அவுட்புட் இரண்டையும் ஒரு கான்டாக்டர் மூடிவிட்டால், கரன்ட் அந்தச் செல்லைத் தொடாமல் அடுத்த செல்லுக்குப் போய்விடும். அந்த பைபாஸ் கான்டாக்டர் 18 செல்லிலும் எங்களுக்கு இருந்தது. ஆனால் கன்ட்ரோலரில் அந்த வசதி ஆஃப் செய்யப்பட்டிருந்தது. கமிஷனிங் (முதன்முதலாக ஓடவைத்த) நாளில் யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள். ஏன் என்று பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. எட்டு வருடமாக அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட.

சரி, அன்றைய இரவுக்கு வருகிறேன். திரையில் "பி-4 செல் டிசி வோல்டேஜ் குறைவு" என்று இருந்தது. பி ஃபேஸின் நான்காவது செல் அது. பெர்மிட் போட்டு, 6.6 கிலோவோல்ட் பிரேக்கரை ராக் அவுட் செய்து (இணைப்பிலிருந்து வெளியே இழுத்து), எர்த் சுவிட்சை மூடி, பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பேனலுக்கு வந்தோம். கதவில் "10 நிமிடம் காத்திருக்கவும்" என்று பலகை. அந்த 10 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. செல்லுக்குள் 12 கெப்பாசிட்டர், ஒவ்வொன்றும் 4,700 மைக்ரோஃபாரட், 400 வோல்ட். நான்கு நான்காக இணையாக வைத்து, அப்படி மூன்று அடுக்கைத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கின் குறுக்கேயும் ஒரு 6.8 கிலோ ஓம் பேலன்சிங் ரெசிஸ்டர். மூன்று அடுக்கும் வோல்டேஜைச் சமமாகப் பகிர வைப்பது அதன் வேலை. மின்சாரம் நின்றதும் கெப்பாசிட்டரில் இருக்கும் 970 வோல்ட் இந்த ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் வடிய வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறரை நிமிடத்தில் 50 வோல்ட்டுக்குக் கீழே வரும். 10 நிமிடம் பாதுகாப்பான எண்தான். ஆனால் அது ரெசிஸ்டர் நன்றாக இருந்தால் மட்டும்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் இந்த வேலையில் முப்பது வருடம் பார்த்தவர். பலகையை அவர் நம்புவதே இல்லை. கையுறை போட்டு, மூன்று அடுக்கையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்து, டிஸ்சார்ஜ் கம்பியை வைத்துவிட்டுத்தான் கை நீட்டுவார். அவர் செய்தது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்தது. ஒரு அடுக்கின் ரெசிஸ்டர் கழன்றிருந்தால் அந்த அடுக்கு வடியவே வடியாது. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் 300 வோல்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

கவரைத் திறந்ததும் மீன் நாற்றம் போல ஒன்று அடித்தது. எலக்ட்ரோலைட் வெளியே வந்த வாடை. நடு அடுக்கில் இரண்டு கெப்பாசிட்டரின் தலை பிளந்திருந்தது. காகிதச் சுருள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. இன்புட் ஃபியூஸ் மூன்றில் இரண்டு போயிருந்தது. அங்கேயே நின்று காரணம் தேடியிருக்க வேண்டும். நேரமில்லை. ஸ்டோரில் ஒரே ஒரு ஸ்பேர் செல் இருந்தது. அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, இழுத்துப் பொருத்தி, பஸ்பார் போல்ட்டை டார்க் ரென்ச் வைத்து முறுக்கி, ஃபைபர் கேபிளை மாட்டி, 4.30க்கு டிரைவை எடுத்தோம். ஓடியது. ஃபேனை மெல்ல ஏற்றினோம். கில்ன் ஆள்கள் சூடேற்ற ஆரம்பித்தார்கள்.

5.10க்கு மறுபடி டிரிப். மறுபடியும் பி-4. கதவின் காற்று இடைவெளியில் வெள்ளைப் புகை கசிந்தது. புதுச் செல்லின் கெப்பாசிட்டர் வெடித்திருந்தது.

இது முழுக்க எங்கள் தவறு. அந்தச் செல் நான்கு வருடமாக ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் மின்காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துவிடும். நலிந்த நிலையில் ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் லீக்கேஜ் கரன்ட் ஏறும், உள்ளே சூடாகும், ஆவி கிளம்பும், தலை பிளக்கும். ஓராண்டுக்கு மேல் சும்மா இருந்த டிரைவை ரீஃபார்மிங் (வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றி அந்தப் படலத்தை மீட்பது) செய்த பிறகே எடுக்க வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகளில் எழுதியிருக்கிறது. எங்கள் கையேட்டிலும் இருந்தது. ஸ்டோரில் செல் இருக்கிறது என்பதை மட்டும் வருடா வருடம் எண்ணினோம்; அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஸ்பேர் இல்லை. புதுச் செல் வர வாரக்கணக்கில் ஆகும். அப்போதுதான் பைபாஸ் நினைவுக்கு வந்தது. தயாரிப்பாளரின் சர்வீஸ் பொறியாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் சொன்ன முதல் வார்த்தை பாராமீட்டரைப் பற்றியதாக இருக்கவில்லை. "சார், முதல்ல பி-4ஓட இன்புட் ஃபியூஸ் மூணையும் கழட்டிடுங்க" என்றார்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கும் இடம் இது. பைபாஸ் கான்டாக்டர் செல்லின் அவுட்புட்டை மட்டும்தான் மூடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியிலிருந்து வரும் 690 வோல்ட் அந்தச் செல்லுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். ஐஜிபிடி, அதை இயக்கும் கேட் டிரைவர், ஃபைபர் தொடர்பு போன்றவை கெட்டால் பைபாஸ் நல்ல மருந்து. கெப்பாசிட்டரோ ரெக்டிஃபையரோ கெட்டால், பைபாஸ் செய்த பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கலாம். ஃபியூஸ்தான் காப்பாற்ற வேண்டும். அத்தோடு, பைபாஸ் ஆன செல்லின் உடம்பு பக்கத்துச் செல்களின் மின்னழுத்தத்தில்தான் மிதக்கும். ஓடும்போது அது தரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் மேலே இருக்கும். "கெட்டுப்போன செல்தானே" என்று நினைத்து யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

ஃபியூஸைக் கழற்றினோம். கான்டாக்டருக்குத் தனி சப்ளை இருந்ததால் அதற்குச் சிக்கல் இல்லை. அடுத்து வந்த கேள்வி: 17 செல்லை வைத்து எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம்?

இரண்டு வழி உண்டு. எளிய வழி, ஏ-யிலும் சி-யிலும் ஒவ்வொரு நல்ல செல்லையும் சேர்த்து பைபாஸ் செய்து, மூன்று ஃபேஸையும் ஐந்தைந்தாகச் சமப்படுத்துவது. அப்போது கிடைப்பது ஆறில் ஐந்து பங்கு, அதாவது 83 சதவீத வோல்டேஜ். மோட்டாருக்கு வோல்டேஜும் அதிர்வெண்ணும் ஒரே விகிதத்தில் போக வேண்டும் என்பதால் 41.7 ஹெர்ட்ஸுக்கு மேல் முழு பலத்தோடு ஓட்ட முடியாது. எங்கள் ஃபேன் வழக்கமாக ஓடுவது 43, 44 ஹெர்ட்ஸில். கில்னைக் குறைந்த உற்பத்தியில்தான் நடத்த வேண்டியிருக்கும். நல்ல செல் இரண்டை வேண்டுமென்றே படுக்கப்போடுவதும் மனசுக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது வழி நியூட்ரலை, அதாவது மூன்று ஃபேஸும் சேரும் நடுப்புள்ளியை, நகர்த்துவது. தரையில் சமபக்க முக்கோணமாக மூன்று முளை அடித்து, மூன்றிலிருந்தும் கயிறு கட்டி நடுவில் ஒரு வளையத்தில் முடிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கயிறும் 6 முழம் என்றால் வளையம் சரியாக நடுவில் நிற்கும். ஒரு கயிறு 5 முழமாகிவிட்டால் வளையம் அந்த முளையை நோக்கி நகர்ந்து நிற்கும். முளைகள் கொஞ்சம் நெருங்கும், ஆனால் முக்கோணம் சமபக்கமாகவே இருக்கும். மோட்டார் பார்ப்பது முளைகளை மட்டும்தான். வளையம் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. வளையம்தான் டிரைவின் நியூட்ரல். அது மோட்டாரோடு இணைக்கப்படவில்லை.

அதிகாலையில் கையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6, 5, 6 என்று இருக்கும்போது சமபக்க முக்கோணத்தின் பக்கம் 9.78 வருகிறது. எல்லாம் நன்றாக இருக்கும்போது 10.39. ஆக 94 சதவீதம். ஏ-க்கும் சி-க்கும் இடையே 120 டிகிரிக்குப் பதில் 109 டிகிரி, பி-யோடு மற்ற இரண்டும் 125 டிகிரியில் நிற்கும். 94 சதவீதம் என்றால் 47 ஹெர்ட்ஸ். எங்களுக்கு வேண்டியது 44. போதும்! ஒரே ஒரு கோணத்தைத் திருத்தியதால் 83க்கும் 94க்கும் இடையே இருந்த வித்தியாசம் கைக்கு வந்தது. எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது. அதே ஃபேஸில் இரண்டு செல் போனால்கூட, எளிய வழியில் 67 சதவீதம். நியூட்ரலை நகர்த்தினால் 88.

எங்கள் கன்ட்ரோலரில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருந்தது. இரண்டு பாராமீட்டரை மாற்றி, அதிகபட்ச வேகத்தை 46 ஹெர்ட்ஸில் நிறுத்தி, 8.25க்கு டிரைவை எடுத்தோம். 25 ஹெர்ட்ஸில் பத்து நிமிடம் வைத்து மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் பார்த்தேன். மூன்றும் சமமாக இருந்தன. அப்புறம்தான் மூச்சு வந்தது.

காலையில் தூங்கப் போகாமல் பி-4ஐ மேசையில் பிரித்தோம். போன பாகத்தை மாற்றிவிட்டு ஓட்டுவது பழுதுபார்ப்பில் பாதிதான்; ஏன் போனது என்று தெரியாவிட்டால் அதே காரணம் மற்ற 17 செல்லிலும் காத்துக்கொண்டிருக்கும். நடு அடுக்கின் பேலன்சிங் ரெசிஸ்டரை மீட்டரில் பார்த்தால் ஓபன், இணைப்பு அறுந்திருந்தது. ரெசிஸ்டர் தேகம் நன்றாகத்தான் இருந்தது. வயர் லக்கைப் பற்றவைத்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். லக்கின் கழுத்தைச் சுற்றி முடி போல ஒரு விரிசல், ஓரத்தில் பழுப்பு நிறம். அண்ணன் நகத்தால் மெல்லத் தள்ளினார், லக் கையோடு வந்துவிட்டது. விறைப்பான ஒற்றைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். ரெசிஸ்டர் தினமும் சூடாகி ஆறும், கூலிங் ஃபேன் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும். எட்டு வருடத்தில் அந்தக் கழுத்து களைத்துவிட்டது.

ரெசிஸ்டர் போனால் கெப்பாசிட்டர் ஏன் போக வேண்டும்? மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் ரெசிஸ்டர் வழியாக 48 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. நடு அடுக்கில் அதற்கு வழி இல்லை. அந்தக் கரன்ட் நடு அடுக்குக் கெப்பாசிட்டரைத்தான் சார்ஜ் செய்யும். அதன் வோல்டேஜ் 323லிருந்து ஏறிக்கொண்டே போகும், மற்ற இரண்டும் இறங்கும். மொத்தம் அதே 970தான் என்பதால் திரையில் ஒன்றும் தெரியாது. 400 வோல்ட் கெப்பாசிட்டர் 400ஐத் தாண்டியதும் லீக்கேஜ் கூடிச் சூடாகி, கடைசியில் ஷார்ட் ஆகிவிட்டது. அதன் பங்கும் மற்ற இரண்டு அடுக்கின் தலையில் விழ, ஃபியூஸ் போனது.

அடுத்த நிறுத்தத்தில் மற்ற 17 செல்லையும் திறந்து பார்த்தோம். மூன்றில் அதே விரிசல் ஆரம்பித்திருந்தது. எல்லா ரெசிஸ்டருக்கும் பல இழை நெகிழ்வு வயர் போட்டு, கிரிம்ப் செய்த லக்கை வைத்து, ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கிளிப்பில் வயரைப் பிடித்துக் கட்டினோம். செல் ஒன்றுக்கு ஒரு மணி நேர வேலை.

இரண்டு செத்த செல்லிலிருந்து ஒரு நல்ல செல்லை உருவாக்கினோம். ஸ்பேரின் ஐஜிபிடியும் போர்டுகளும் நன்றாக இருந்தன. 12 கெப்பாசிட்டரையும் புதிதாக வாங்கிப் போட்டோம். ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழசும் புதுசும் ஒரே அடுக்கில் இருந்தால் லீக்கேஜும் கொள்ளளவும் ஒத்துப்போகாது.

இனி ரீஃபார்மிங். இதற்காக ஒரு சின்ன மேசை அமைப்பு செய்தோம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக், அதன் பிறகு ஒரு 230/750 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1,600 வோல்ட் டையோடு பிரிட்ஜ், டிசி பக்கத்தில் தொடராக நான்கு 100 வாட் குண்டு பல்பு, ஒரு மில்லிஅம்மீட்டர். பல்பு எதற்கு என்றால், செல்லுக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு நான்கும் முழுதாக எரியும், அதற்கு மேல் கரன்ட் போகாது. வேரியாக்கைத் திருப்பும்போது பல்பின் இழை செம்மண் நிறத்தில் மினுக்கிவிட்டு, கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கி அணையும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அப்படி மினுக்கி அணைவதைப் பார்த்தாலே செல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரியும்.

கால் பங்கு வோல்டேஜில் ஒரு மணி நேரம், பாதியில் ஒரு மணி நேரம், முக்காலில் ஒரு மணி நேரம், முழு 970இல் இரண்டு மணி நேரம். முழு வோல்டேஜுக்கு வந்ததும் மில்லிஅம்மீட்டர் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே தெரியும். மூன்று ரெசிஸ்டரும் சேர்ந்து 20.4 கிலோ ஓம், அதனால் 48 மில்லிஆம்பியர். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் லீக்கேஜ். முதலில் 61 காட்டியது. ஒன்றரை மணி நேரத்தில் 49க்கு இறங்கி நின்றுவிட்டது. மூன்று அடுக்கும் 322, 325, 323. இந்த நான்கு எண்ணையும் தேதியோடு ஒரு அட்டையில் எழுதிச் செல்லிலேயே கட்டிவிட்டோம். இதைச் செய்யும்போது மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி, எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 970 வோல்ட் டிசி, நிரம்பிய 6,000 மைக்ரோஃபாரட். தொட்டால் உயிர் தப்பாது.

பைபாஸை ஆன் செய்துவிட்டோம் என்றால் வேலை முடிந்ததா? கான்டாக்டர் உண்மையில் மூடுமா என்று யாருக்குத் தெரியும்? எட்டு வருடம் ஒருமுறைகூட அசையாத கான்டாக்டர்கள் அவை. வருடாந்திர நிறுத்தத்தில் 18ஐயும் ஒவ்வொன்றாக மூடச் செய்து, மைக்ரோ ஓம் மீட்டரில் தொடுமுனை எதிர்ப்பைப் பார்த்தோம். ஏ-2 உட்பட இரண்டு மூடவில்லை. ஒன்றில் காயில் வயர் டெர்மினலில் தளர்ந்திருந்தது. இன்னொன்றில் சிமென்ட் தூசு ஈரம் பட்டு இறுகி, நகரும் பாகத்தை அசையவிடாமல் பிடித்திருந்தது. நல்லவேளை அந்த இரவில் கெட்டது பி-4. கெட்டது ஏ-2ஆக இருந்திருந்தால் பைபாஸும் கைகொடுத்திருக்காது.

பிறகு ஓட்டத்திலேயே ஒரு சோதனை. ஃபேன் 20 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது சி-2 செல்லுக்குப் போகும் ஃபைபரைக் கன்ட்ரோலர் பக்கத்தில் உருவினேன். அந்த முனை குறைந்த மின்னழுத்தக் கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. உயர் மின்னழுத்தப் பக்கம் கையே போகவில்லை. டிரைவ் ஐஜிபிடிகளை ஒரு கணம் நிறுத்தியது, "டக்" என்று கான்டாக்டர் மூடும் சத்தம், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அதன் வேகத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. பெரிய ஃபேனுக்கு இருக்கும் சுழல் வேகத்தில் அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் தம்பி, "அவ்வளவுதானா சார்?" என்றான்.

இதே தத்துவம் எவ்வளவு பெரிய இடங்களில் வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் டிசி இணைப்பு 2021இல் செயல்பாட்டுக்கு வந்தது, 2,000 மெகாவாட். அதன் கன்வெர்ட்டர் ஜெர்மனியில் ரெய்னர் மார்க்வார்ட் 2000களின் தொடக்கத்தில் முன்வைத்த மாடுலர் வகை. அதிலும் இதே போன்ற சிறு மாடுல்கள்தான் தொடராக, வரிசைக்கு நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் சுவிட்ச். ஆரம்பத்திலேயே தேவைக்கு மேல் சில மாடுல்களைக் கூடுதலாக வைத்துவிடுகிறார்கள். ஒன்று கெட்டால் சில மில்லி நொடிக்குள் சுவிட்ச் மூடிக்கொள்ளும், மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், கெட்டதை அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றுவார்கள். அதே புகளூருக்கு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட் இணைப்பு தைரிஸ்டர் வகை. அங்கே தனியாகப் பைபாஸ் சுவிட்ச்கூட வேண்டாம். அழுத்திப் பிடிக்கப்பட்ட தைரிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே கெடும். கரன்ட் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும், சுமையை வரிசையில் உள்ள மற்றவை பகிர்ந்துகொள்ளும். எங்கள் செல்லில் இருப்பது மெல்லிய கம்பிகளால் உள்ளே இணைத்த ஐஜிபிடி மாடுல்; பெரிய கோளாறில் அந்தக் கம்பி உருகி ஓபன் ஆகிவிடலாம். அதனால்தான் வெளியே ஒரு கான்டாக்டர் தேவைப்படுகிறது.

எட்டு மாதம் கழித்து உண்மையான பரீட்சை வந்தது. ஒரு பிற்பகல் சி-5 செல் கோளாறு. அலாரம் அடித்தது, ஃபேன் நிற்கவில்லை. கன்ட்ரோல் ரூம் திரையில் டிராஃப்ட் (வாயு இழுப்பு) கோட்டில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஃபீடு நிறுத்தவில்லை, கில்ன் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் போன் செய்து, "ஏதோ அலாரம் வந்திருக்கு சார், ரீசெட் பண்ணிடவா?" என்றார். "தொடாதீங்கண்ணே, வந்துட்டு இருக்கேன்" என்றேன்.

ரீசெட் செய்தால் என்ன ஆகும் என்றால், கன்ட்ரோலர் கெட்ட செல்லை மறுபடி சேர்த்துக்கொள்ளப் பார்க்கலாம். அந்தத் திரையில் ஒரு பலகை மாட்டினோம். அதிகபட்ச வேகத்தை 46இல் பூட்டினோம். அடுத்த திட்டமிட்ட நிறுத்தத்துக்கு இன்னும் 11 நாள் இருந்தது. அதற்குள் வேறொரு ஃபேஸில் இன்னொரு செல் போனால் என்ன என்று கணக்குப் போட்டு வைத்தேன். 6, 5, 5 என்றால் 88 சதவீதம், 44 ஹெர்ட்ஸ். மயிரிழையில் போதும். அதைக் கில்ன் பொறியாளரிடம் அன்றே சொல்லி, தேவைப்பட்டால் எவ்வளவு ஃபீடு குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த 11 நாளும் ஷிஃப்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு செல்லின் ஹீட் சிங்க் சூட்டையும் குறித்தோம். பில்டரை வாரத்துக்கு ஒருமுறைக்குப் பதில் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும் என்பது எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. தூசு அடைத்த பில்டர் அந்த 10 டிகிரியைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

நிறுத்தத்தில் சி-5ஐ எடுத்துவிட்டு, அட்டை கட்டிய ஸ்பேரைப் போட்டோம். முந்தின நாளே மறுபடி மேசையில் ஏற்றிப் பார்த்திருந்தோம், மில்லிஅம்மீட்டர் 48இல் நின்றது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கழற்றிய சி-5ஐப் பிரித்தால் ஐஜிபிடி, பெரிய கெப்பாசிட்டர் எல்லாமே நன்றாக இருந்தன. கேட் டிரைவர் போர்டில் ஹீட் சிங்க்கை ஒட்டி விரல் நுனி அளவு கெப்பாசிட்டர் ஒன்று, 47 மைக்ரோஃபாரட். மீட்டரில் 9 காட்டியது. அது வற்றியதால் கேட் சப்ளை தள்ளாடி, போர்டு தானே கோளாறு என்று அறிவித்துவிட்டது. சில ரூபாய் பாகம் அது. அதே போர்டு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. அதனால் எல்லாவற்றிலும் 105 டிகிரி தரத்தில் நீண்ட ஆயுள் வகையை மாற்றத் தொடங்கியிருக்கிறோம்.

இப்போது நிலவரம்: ஏ, பி ஃபேஸ் முடிந்தது; சி ஃபேஸில் சி-1, சி-3 இரண்டு செல் பாக்கி. ஸ்டோரில் இப்போது இரண்டு ஸ்பேர் செல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டும் மேசைக்கு வந்து, பல்பு மினுக்கி அணைந்து, அட்டையில் புதுத் தேதி எழுதிக்கொண்டுதான் ஸ்டோருக்குத் திரும்பும். போன மாதம் அண்ணன் ஓய்வு பெற்றார். போகும் முன் டிஸ்சார்ஜ் கம்பியைத் தம்பியின் கையில் கொடுத்து, அடுக்கு மூன்றையும் அவனையே ஒருமுறை அளக்கவிட்டுப் பார்த்தார்.